9 லட்சத்துக்கு 2012 இ 250 சிடிஐ: பெருந்துறைல வச்சு ஓட்ட வருஷம் எவ்வளவு ஆகும்?

நொய்யல்கரை கேட்டது:

வணக்கமுங்க. பழைய லக்சரி செடான் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்குதுங்க. ரெண்டு வண்டி கண்ணுல பட்டிருக்கு.

ஒண்ணு, 2012 மெர்சிடிஸ் இ 250 சிடிஐ. டபிள்யூ 212 மாடல், டிஎன் 38 பதிவு, ரெண்டாவது ஓனர், 1,08,000 கி.மீ. கேக்கிற விலை 9 லட்சம். இன்னொண்ணு 2014 பிஎம்டபிள்யூ 520டி, எஃப் 10 மாடல், டெல்லி வண்டி. மீட்டர் 82,000 காட்டுது, என்ஓசி (வேற மாநிலத்துக்கு மாத்தத் தடையில்லாச் சான்று) வாங்கித் தர்றோம்கிறாங்க, 7 லட்சம்.

வீடு பெருந்துறை. கம்பெனிக்குப் போக வர தினம் 12 கி.மீ. வாரம் ஒருக்கா கோயமுத்தூர், மாசம் ஒருக்கா பொள்ளாச்சிப் பக்கம் தோட்டம். வருஷத்துக்கு 10,000 கி.மீ. தாண்டாது. ஷோரூம் சர்வீஸ் இல்லீங்க, வெளிப் பட்டறைதான்.

டீசல் போக வருஷம் எவ்வளவு ஒதுக்கணும்? வாங்கின கையோட என்ன செலவு நிக்கும்? எங்கெங்க மாட்டுவோம்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஸ்பேனர்17 சொன்னது:

9 லட்சம்கிறது வண்டியோட விலை. புதுசுல 40 லட்சத்துக்கு மேல போன வண்டி இது. பார்ட்ஸ் எல்லாம் இன்னும் அந்த 40 லட்சம் வண்டிக்கான விலையிலதான் வரும். அதனால 9 லட்சம் முழுசையும் வண்டிக்கே குடுத்துட்டு வெறுங்கையோட நிக்காதீங்க. விலையை 7.5க்குக் கொண்டாந்து 2 லட்சத்தைத் தனியா வைக்க முடியும்னா மட்டும் மேல படிங்க.

வாங்கின முதல் மாசம் செய்ய வேண்டியதைச் சொல்றேன். பழைய ஓனர் என்ன செஞ்சாருன்னு பில் இல்லாட்டி எதுவுமே செய்யலைன்னு வச்சுக்கணும்.

இன்ஜின் ஆயில் 6.5 லிட்டர். 5டபிள்யூ-30, டப்பா மேல மெர்சிடிஸ் தர எண் எம்பி 229.51 இல்லாட்டி 229.52னு அச்சடிச்சிருக்கணும். வெறும் "சிந்தெடிக்"னு இருக்கிறது போதாது. ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏசி ஃபில்டர் நாலையும் சேர்த்து மாத்தினா வெளிப் பட்டறைல கூலியோட 15,000 முதல் 20,000. அதுக்கப்புறம் வருஷம் ஒருக்கா இல்லாட்டி 10,000 கி.மீ., எது முன்னால வருதோ அது. கம்பெனி சொல்ற நீண்ட இடைவெளி தினம் 12 கி.மீ. ஓடுற வண்டிக்குப் பொருந்தாது.

கியர் பாக்ஸ்தான் முக்கியம். இதுல இருக்கிறது 7 ஸ்பீடு, 722.9. உங்க 2012 வண்டிக்கு எம்பி 236.15 ஆயில், புதுசுல நீல நிறமா இருக்கும். 2010க்கு முந்தின வண்டிகளுக்குச் சிவப்பு ஆயில், 236.14. பட்டறைல இருக்கிற ஏதோ ஒரு சிவப்பு ஆயிலை ஊத்தப் பார்ப்பாங்க, விடாதீங்க. சம்ப்பை, அதாவது அடியில இருக்கிற ஆயில் தட்டைக் கழட்டி, ஃபில்டரும் கேஸ்கெட்டும் மாத்தி, ஆயில் சூடு 45 டிகிரில இருக்கும்போது லெவல் பார்க்கணும். சூட்டை ஸ்கேனர்லதான் படிக்க முடியும். கையால தொட்டுப் பார்த்து "சரியாத்தான் இருக்கு"ங்கிற ஆளுகிட்ட இந்த வேலையைக் குடுக்காதீங்க. செலவு 25,000 முதல் 35,000. நம்ம வெயிலுக்கு 60,000 முதல் 70,000 கி.மீ.க்கு ஒருக்கா செஞ்சா பாக்ஸ் நிலைச்சு நிக்கும்.

சம்ப்பைக் கழட்டுறப்பவே பாக்ஸ் பக்கவாட்டுல இருக்கிற ஒயரிங் கனெக்டரையும் மாத்திருங்க. உள்ள இருக்கிற ஓ-ரிங் காஞ்சு போய் ஆயில் வெளிய கசியும், நாளாவட்டத்துல ஒயரிங் வழியா ஏறும். பார்ட் சல்லிசுதான். விட்டுட்டா பின்னால வர்ற செலவு சல்லிசா இருக்காது.

கூலன்ட், பிரேக் ஆயில், ஃபேன் பெல்ட், அதை இறுக்கிப் புடிக்கிற டென்ஷனர் பார்த்து மாத்த 15,000 முதல் 20,000. கூலன்ட்ல போர் தண்ணி ஒரு சொட்டு கூடக் கலக்கக் கூடாது. அவிநாசி, பெருந்துறைப் பக்கம் போர் தண்ணி குடிக்கவே ஆகாத உப்பு. ரேடியேட்டர் உள்ள அது படிகமா ஒட்டிக்கும். பேட்டரிக்கு விக்கிற டிஎம் தண்ணிய 5 லிட்டர் கேனா வாங்கி, கூலன்ட்டோட பாதிக்குப் பாதி கலந்து ஊத்துங்க.

ஆக முதல் மாசம் 60,000 முதல் 80,000 கட்டாயம். லிஃப்ட்ல ஏத்திப் பார்க்கிறப்ப முன் சக்கரத்தைத் தாங்குற ஆர்ம்ல இருக்கிற ரப்பர் புஷ்ஷும், இன்ஜினைத் தாங்குற மவுண்ட்டும் போயிருந்தா இன்னொரு 60,000 முதல் 80,000. 1 லட்சம் கி.மீ. ஓடின டபிள்யூ 212ல ரெண்டுல ஒண்ணாவது போயிருக்கும். 80ல இருந்து 100 வேகத்துல பிரேக் புடிச்சா ஸ்டியரிங் நடுங்குச்சுன்னா டிஸ்க்கை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. முன்பக்க ஆர்ம்ல இருக்கிற ஹைட்ரோ புஷ் வெடிச்சு ஆயில் வடிஞ்சிருக்கும். "டி"ல போட்டுப் பிரேக்கை மிதிச்சு நிக்கும்போது சீட்டுல அதிர்வு வந்தா மவுண்ட். இன்ஜின் மவுண்ட் ரெண்டு, கியர் பாக்ஸ் மவுண்ட் ஒண்ணு, மூணையும் சேர்த்து மாத்துங்க. ஒண்ணு மட்டும் புதுசாப் போட்டா மத்தது ரெண்டும் சீக்கிரம் உக்காரும்.

பார்ட்ஸ் வாங்கிறப்ப ஸ்டார் முத்திரை போட்ட டப்பாதான் வேணும்னு இல்லை. ஆர்ம், புஷ்ஷுக்கு லெம்ஃபோர்டர், ஷாக் அப்சார்பருக்கு சாக்ஸ், ஃபில்டருக்கு மான், பிரேக் பேடுக்கு டெக்ஸ்டார் இல்லாட்டி ஏடிஇ. பெரும்பாலும் கம்பெனிக்கே சப்ளை பண்றவங்கதான், விலை நல்லாவே குறையும். பேரே இல்லாத புஷ் மட்டும் வேண்டாம், 15,000 கி.மீ. தாங்காது. அலைன்மென்ட்டும் கூலியும் ரெண்டு தடவை அழுவீங்க.

கோவைடீசல் சொன்னது:

மேல சொன்னது எல்லாம் சரி. இன்ஜின் பத்தி நான் சேர்க்கிறேன்.

இ 250 சிடிஐல இருக்கிறது ஓஎம் 651. 2,143 சிசி, ரெட்டை டர்போ, 204 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர். நல்ல இன்ஜின். ஆனா வால்வுகளை ஓட்டுற டைமிங் செயின் பின்னால, கியர் பாக்ஸ் பக்கம் இருக்கு. செயின் நீண்டுட்டா பாக்ஸை இறக்கணும், இல்லாட்டி இன்ஜினைத் தூக்கணும். 520டில இருக்கிற என்47 இன்ஜினும் இதே கதைதான். அதுல செயின் பிரச்சினை இதைவிடப் பேர் போனது. எந்த வண்டியா இருந்தாலும் செயின் வேலைக்கு 1 லட்சத்துக்கு மேலன்னு எழுதி வச்சுக்குங்க.

கண்டுபிடிக்கிற வழி ஒண்ணுதான்: குளிர்ந்த ஸ்டார்ட். காலைல 6 மணிக்குப் போங்க. பானட்ல கை வச்சுப் பாருங்க. சூடா இருந்தா முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்க, திரும்பி வந்துடுங்க. ஸ்டார்ட் பண்ணின முதல் ரெண்டு மூணு செகண்ட்ல பின்பக்கத்துல இருந்து சங்கிலி உரசுற மாதிரி கரகரன்னு சத்தம் வரக் கூடாது. என்47ல 1,500 முதல் 2,000 ஆர்பிஎம்ல வச்சுக் கேளுங்க, அந்த இடத்துலதான் சத்தம் தெளியும். ஓஎம் 651ல சத்தம் லேசா இருந்தா சில சமயம் டென்ஷனர் மட்டும் மாத்தினாப் போதும், அதை வெளிய இருந்தே கழட்டலாம். செயினே நீண்டிருந்தா டென்ஷனர் காப்பாத்தாது.

இன்ஜெக்டர்: 2009–2011 வண்டிகள்ல வந்த டெல்பி பீசோ வகை நிறையத் தொந்தரவு குடுத்துச்சு. கம்பெனியே பல வண்டிகள்ல சோலினாய்டு வகைக்கு மாத்திக் குடுத்தாங்க. உங்களுது 2012, சேஸிஸ் நம்பர் வச்சு எது இருக்குன்னு உறுதி பண்ணிக்குங்க. அப்புறம் இன்ஜின் கவரைக் கழட்டி இன்ஜெக்டர் அடியில பாருங்க. தார் மாதிரி கறுப்பா கட்டி இருந்தா செம்பு வாஷர் லீக். கேபின் உள்ள புகை வாசம், ஸ்டார்ட்ல "சுக் சுக்"னு காத்துச் சத்தம், ரெண்டும் அதோட அறிகுறி. ஆரம்பத்துல பார்த்தா வாஷரும் போல்ட்டும் சில நூறு ரூபாய்தான். போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது, ஒரு தடவை முறுக்கினாலே நீண்டுடும். வருஷக் கணக்கா விட்டா அந்தத் தார் இறுகி இன்ஜெக்டரைப் புடிச்சுக்கும். அப்புறம் இழுத்து எடுக்கவே தனி டூல், தனிக் கூலி. இன்ஜெக்டர் உடைஞ்சா புதுசு ஒண்ணு 25,000ல இருந்து ஆரம்பம்.

இனி உங்க ஓட்டம். எனக்கு வண்டியை விட இதுதான் கவலையா இருக்குதுங்க. ஒரு பக்கம் 6 கி.மீ. ஓடினா டீசல் இன்ஜின் முழுச் சூட்டுக்கே வராது. புகையில ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி விடுற இஜிஆர் வழியா வர்ற கரியும் ஆயில் ஆவியும், காத்து உள்ள போற இன்டேக் மேனிஃபோல்டுல கலந்து களி மாதிரி அடையும். அதுக்குள்ள காத்தைச் சுழற்றி விடுற ஸ்வர்ல் ஃபிளாப் இறுகும், இஜிஆர் வால்வு திறந்தபடி மாட்டிக்கும், வண்டி இழுவையை விடும். சுத்தம் பண்ண மேனிஃபோல்டைக் கழட்டணும், அரை நாள் வேலை இல்லை, முழு நாள். வாரம் ஒருக்கா கோயமுத்தூர் போறீங்கல்ல, அதை வச்சு ஈடு கட்டலாம். பெருந்துறையிலிருந்து அவிநாசி வரைக்கும் பைபாஸ்ல கியரை மேனுவல்ல 5ல வச்சு 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்ல ஓட்டுங்க. டாப் கியர்ல விட்டா 100 வேகத்துல கூட 2,000க்குக் கீழதான் சுத்தும், கரி எரியாது. கம்பெனிக்கு ஸ்கூட்டர்ல போனா இன்னும் நல்லது. சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன்.

தாராபுரம்ரோடு சொன்னது:

அவ்வளவு சின்ன ஓட்டத்துக்கு எதுக்குங்க டீசல்? அதே டபிள்யூ 212ல பெட்ரோல் இ 200 கிடைக்குதே. இஜிஆர் களி, இன்ஜெக்டர் தார் எதுவும் இல்லை.

கோவைடீசல் சொன்னது:

ஓட்டத்துக்குப் பெட்ரோல் பொருந்தும், மறுக்கலை. ஆனா அந்த வருஷத்து இ 200ல இருக்கிறது எம் 271 இன்ஜின். அதுல செயினும் நீளும், வால்வு திறக்கிற நேரத்தை மாத்துற கேம் அட்ஜஸ்டரோட பல்லும் தேயும். குளிர்ந்த ஸ்டார்ட்ல கடகடன்னு சத்தம் வந்தா அட்ஜஸ்டர் ரெண்டும் செயினும் சேர்த்துத்தான் மாத்தணும். ஒரு நல்லது, செயின் முன்பக்கம் இருக்கு, பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. செயின் மாத்தின பில்லோட ஒரு இ 200 கிடைச்சா இ 250ஐ விட்டுட்டு அதைப் பாருங்க. பில் இல்லாம "சத்தம் எல்லாம் சகஜம்"னு சொல்ற வண்டி வேண்டாம்.

ஆர்சிபுக் சொன்னது:

காகித விவரம் யாரும் சொல்லலை. ரெண்டு வண்டிலயும் அதுலதான் பெரிய ஓட்டை.

டெல்லி வண்டி ஏன் 2 லட்சம் சல்லிசு? 10 வருஷம் தாண்டின டீசல் வண்டி டெல்லி வட்டாரத்துல ஓடக் கூடாதுன்னு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015ல உத்தரவு போட்டுச்சு, உச்ச நீதிமன்றம் 2018ல அதை உறுதி பண்ணுச்சு. அதுல இருந்து அங்க விக்க முடியாத வண்டி எல்லாம் தெக்கால வர ஆரம்பிச்சுது. அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னால படிவம் 28 என்ஓசி கையில வரணும். "வாங்கித் தர்றோம்"கிறது என்ஓசி ஆகாது. அப்புறம் இங்க மறுபதிவுக்கு ஆயுள் வரி கட்டணும். நீங்க 7 லட்சத்துக்கு வாங்கினீங்கங்கிறதை வச்சு அது கணக்காகாது. புதுசுல என்ன விலையோ அதுல இருந்து வண்டி வயசுக்கு ஏத்த விகிதம். புது வண்டிக்கே 20 லட்சத்துக்கு மேல போனா 20 சதவீதம் நம்ம மாநிலத்துல. பெருந்துறை ஆர்டிஓ ஆபீஸ்ல இந்த வண்டிக்கு எவ்வளவு வரும்னு கேட்டு, அந்தத் தொகையை 7 லட்சத்தோட கூட்டிப் பாருங்க. சல்லிசுங்கிறது பாதி கரைஞ்சிருக்கும்.

2012 இ 250க்கு வேற கணக்கு. ஆர்சி 15 வருஷம், 2027 வரைக்கும்தான். அதுக்கப்புறம் ஆர்டிஓகிட்ட வண்டியைக் காட்டி 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கணும். மத்திய அரசு 2022 ஏப்ரல்ல இருந்து அதுக்கான கட்டணத்தை 5,000 ஆக்கிடுச்சு, பசுமை வரி தனி. தொகை பெருசில்லை. ஆனா புகை, லைட், டயர் எல்லாம் சரியா இருக்கணும். விலை பேசுறப்ப "ஆர்சி முடியப் போகுது"ங்கிறதை மொதல்ல எடுத்து வைங்க, நல்லா இறங்கும்.

கைமாத்துக்குப் படிவம் 29, 30. கடன் இருந்திருந்தா 35 கையெழுத்தும் பேங்க் கடிதமும் இல்லாமப் பணம் குடுக்காதீங்க. இன்சூரன்ஸை 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்தணும். நோ கிளெய்ம் போனஸ் பழைய ஓனருக்குத்தான் சொந்தம், வண்டியோட வராது.

1,500 சிசிக்கு மேல தேர்டு பார்ட்டி பிரீமியம் 2022 ஜூன்ல 7,897 ஆச்சு, ஜிஎஸ்டி சேர்த்து 9,318. உங்க வண்டிச் சேதத்துக்கான ஓன் டேமேஜ் தனி. இந்த வயசு வண்டிக்கு ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காம முழுசாத் தர்ற கவர்) தர மாட்டாங்க. அப்படின்னா பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்கெல்லாம் கிளெய்ம்ல 50 சதவீதம் உங்க தலைல. பம்பரும் ஹெட்லேம்ப்பும் பிளாஸ்டிக் கணக்குங்கிறதை மறந்துடாதீங்க. ஒரு பைக் வந்து முன்னால மோதினாலே புரியும்.

ஸ்பேனர்17 சொன்னது:

வருஷக் கணக்கு கேட்டிருந்தீங்க. இ 250க்கு, 10,000 கி.மீ.க்கு, வெளிப் பட்டறைக் கணக்குல போடுறேன். சர்வீஸ் 20,000. இன்சூரன்ஸ் 25,000 முதல் 35,000. டயர் 245/45 ஆர்17 நாலு 50,000 ஆகும், நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா, வருஷத்துக்கு 12,000னு வைங்க. பேட்டரி, பிரேக் பேடு, வைப்பர், பல்பு எல்லாம் சராசரியா 15,000. பெருவேலைக்குன்னு 60,000 முதல் 70,000 ஒதுக்கணும். ஒரு வருஷம் ஒண்ணுமே வராது, அடுத்த வருஷம் ஒண்ணே கால் லட்சம் வரும். அந்தப் பணத்தை எடுத்து வேற செலவு பண்ணிடாதீங்க. ஆக வருஷம் ஒண்ணரை லட்சம். டீசல் 12.5 மைலேஜ், லிட்டர் 92 ரூபாய்னு போட்டா 800 லிட்டர், 73,600.

520டிக்கும் கிட்டத்தட்ட இதேதான், ரெண்டு வித்தியாசம். ரன்ஃபிளாட் டயர் (பஞ்சர் ஆனாலும் கொஞ்ச தூரம் ஓடுறது), விலை கூட, பஞ்சர் ஆனா பல இடத்துல ஒட்ட மாட்டாங்க, ஸ்டெப்னியும் இருக்காது. பேட்டரி மாத்தினா ஸ்கேனர்ல ரிஜிஸ்டர் பண்ணணும். பண்ணாட்டி வண்டி புதுப் பேட்டரியையும் பழசுன்னு நெனச்சே சார்ஜ் பண்ணும், சீக்கிரம் போயிடும். அதுல இருக்கிற ஜெட்எஃப் 8 ஸ்பீடு பாக்ஸ் அருமையானது. "ஆயுசுக்கும் ஆயில் மாத்த வேண்டாம்"னு சொல்லுவாங்க. பாக்ஸ் செஞ்ச ஜெட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள்ள மாத்தச் சொல்லுது. ஃபில்டர் பிளாஸ்டிக் சம்ப்போட ஒட்டினது, சம்ப்பையே மாத்தணும்.

82,000 கி.மீ.ங்கிறதை நம்பாதீங்க. இந்த வண்டிகள்ல ஓட்டம் மீட்டர்ல மட்டும் இல்லை, வேற மாட்யூல்கள்லயும் (வண்டியில இருக்கிற குட்டிக் கம்ப்யூட்டர்கள்) பதிவாகும். மெர்சிடிஸுக்கு சென்ட்ரி, பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா மென்பொருள் வச்சிருக்கிற பட்டறைல 2,000, 3,000 குடுத்து முழு ஸ்கேன் போடுங்க. டயர் பக்கவாட்டுல நாலு எண் இருக்கும், 2419னா 2019ம் வருஷம் 24வது வாரம். மீட்டர் குறைச்சு டயர் மூணாவது செட்டா இருந்தா கணக்கு உதைக்கும். டிக்கில ஸ்டெப்னி குழியில ஈரம், துரு இருக்கான்னும் பாருங்க. இ 250ல பின் ஃபியூஸ் பெட்டியும், 520டில பேட்டரியும் டிக்கிலதான்.

இ 250ல இன்னொண்ணு. சாவியைத் திருப்பும்போது ஸ்டியரிங் லாக் "டக்"னு விடுற சத்தம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வரணும். பத்து தடவை போட்டு எடுத்துப் பாருங்க. லாக் உள்ள இருக்கிற குட்டி மோட்டார் தேஞ்சா ஒரு நாள் சாவி திரும்பும், வேற எதுவும் நடக்காது. வண்டியைத் தள்ளவும் முடியாது, ஸ்டியரிங் பூட்டி நிக்கும்.

நொய்யல்கரை கேட்டது:

ரொம்ப நன்றிங்ணா. டெல்லி வண்டியை விட்டாச்சு. இ 250ஐ சனிக்கிழமை காலைல 6 மணிக்குப் பார்க்கப் போறோம். ரெண்டு சந்தேகம். கோயமுத்தூர்ல மழை பெஞ்சா லங்கா கார்னர், அவிநாசி ரோடு பாலத்தடியில தண்ணி நிக்குது, இந்த வண்டி எவ்வளவு தாங்கும்? தோட்டத்துச் சாளைல ரெண்டு நாள் நிறுத்தினா எலி, பெருக்கான் தொல்லை இருக்குதுங்க, அதுக்கு என்ன பண்ணலாம்?

கோவைடீசல் சொன்னது:

பாலத்தடித் தண்ணி முன் பம்பர் அடி விளிம்பைத் தொட்டா இறங்காதீங்க, சுத்திப் போங்க. காத்து இழுக்கிற வாய் வழியா தண்ணி உள்ள போனா பிஸ்டன் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளையும். தண்ணிக்குள்ள நின்னுடுச்சுன்னா திரும்ப ஸ்டார்ட் பண்ணவே கூடாது, தள்ளி வெளிய எடுத்து ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்க்கணும். தண்ணில அடிச்சு ஸ்டார்ட் பண்ணின சேதத்தைச் சாதாரண பாலிசி தராது. இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் இந்த வயசுக்குக் கிடைக்குமான்னு பாலிசி எடுக்கிறப்பவே கேளுங்க.

எலிக்கு: தீவன மூட்டை, தேங்காத் தொட்டி, புண்ணாக்கு இருக்கிற இடத்துல இருந்து வண்டியை அக்கட்டால நிறுத்துங்க. ராத்திரி பானட்டைத் திறந்து வச்சு, மேல ஒரு சின்ன பல்பு எரிய விடுங்க. வெளிச்சத்துக்கும் காத்துக்கும் கூடு கட்டாது. கிளம்புறதுக்கு முன்னால ஏர் ஃபில்டர் பெட்டி, பேட்டரி ஓரம், பானட் அடிப் பஞ்சு மூணையும் பாருங்க. பஞ்சு உதிர்ந்து கிடந்தா உள்ள ஆள் இருக்கு.

ஒயர் கடிச்சிருந்தா முறுக்கி டேப் சுத்த விடாதீங்க. ஈரம் ஏறி ஆறு மாசத்துல வேற ஏதோ ஃபால்ட் காட்டும், தேடியே கூலி போயிடும். கிரிம்ப் பண்ணி, மேல சூட்டுக் குழாய் போட்டுச் சுருக்கணும். ரெண்டு ஒயர் ஒண்ணோட ஒண்ணு பின்னிப் போகுதுன்னா அது மாட்யூல்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற கேன் லைன். ஒட்டின பிறகும் பழைய மாதிரியே பின்னிவிடச் சொல்லுங்க. நேரா விட்டா இரைச்சல் புகுந்து மாட்யூல் எல்லாம் மாத்தி மாத்தி எரர் குடுக்கும்.